ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் போறீங்களா? பேப்பர் வேலைய முடிங்க, அப்புறம் ஊர் சுத்தலாம்

"அண்ணா ஜெர்மனில படிப்பு ஃப்ரீயாமே, எப்படிண்ணா அப்ளை பண்றது"னு ஃபைனல் இயர் பசங்க கேக்கறது வருஷா வருஷம் கூடிக்கிட்டேதான் போகுது, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை வறண்டு போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சிடறேன். இது இன்ஜினியரிங் முடிச்சுட்டு பப்ளிக் யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் பண்ணப் போறவங்களுக்கு. பேச்சிலர்ஸ் கதை வேற, அதுக்குள்ள நான் போகல.

முதல்ல அந்த ஃப்ரீ மேட்டர். பப்ளிக் யூனிவர்சிட்டில டியூஷன் ஃபீஸ் கிடையாதுங்கறது பெரும்பாலும் உண்மைதான், செமஸ்டர் கான்ட்ரிபியூஷன்னு ஒண்ணு கட்டணும், ஊரைப் பொறுத்து 100 யூரோல இருந்து 400 யூரோ வரைக்கும் வரும். ஆனா பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல, அதாவது ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க், ஃப்ரைபர்க் இருக்கற பக்கம், 2017-ல இருந்து ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்றவங்க செமஸ்டருக்கு 1500 யூரோ கட்டணும். மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியும் 2024 வின்டர் செமஸ்டர்ல இருந்து ஃபீஸ் போட ஆரம்பிச்சிருச்சு, மாஸ்டர்ஸ்னா செமஸ்டருக்கு 4000-ல இருந்து 6000 யூரோ. பழைய வீடியோவப் பாத்துட்டு வீட்ல எல்லாமே ஃப்ரீனு சொல்லி வச்சிராதீங்க, அப்புறம் அப்பாகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கணும்.

கன்சல்டன்சி வேணுமானு கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன். பப்ளிக் யூனிவர்சிட்டில சேத்துவிட்டா பொதுவா அவங்களுக்கு கமிஷன் வராது, பிரைவேட்ல சேத்தா வரும், அதனால நீங்க 8.5 சிஜிபிஏ வச்சிருந்தாலும் பேச்சு சுத்திச் சுத்தி ஏதோ ஒரு பிரைவேட் காலேஜ்லதான் வந்து நிக்கும். டிஏஏடி, அதாவது ஜெர்மன் அகாடமிக் எக்ஸ்சேஞ்ச் அமைப்போட சைட்ல இங்கிலீஷ்ல நடத்தற கோர்ஸ் எல்லாம் லிஸ்ட்டா இருக்கு, தேடறதுக்கு காசு இல்ல, ரெண்டு வீக்கெண்ட் உக்காந்தா போதும்.

வேலைய எந்த வரிசைல செய்யணும்ங்கறதுதான் இங்க முக்கியம். முதல்ல ஏபிஎஸ் சர்டிஃபிகேட், அதாவது நம்ம ஊர் மார்க்ஷீட், டிகிரி எல்லாம் சரிதான்னு செக் பண்ணிக் குடுக்கற பேப்பர், 2022 நவம்பர்ல இருந்து இந்தியால படிச்சவங்களுக்கு இது இல்லாம வேலை நடக்காது, ஃபீஸ் 18,000 ரூபா. ரிசல்ட் எல்லாம் வரட்டும் பாத்துக்கலாம்னு உக்காந்தா அட்மிஷன் லெட்டர் கைல வச்சுக்கிட்டு ஏபிஎஸ்-க்காக காத்துட்டு இருப்பீங்க. வின்டர் செமஸ்டர் அக்டோபர்ல ஆரம்பிக்கும், பொதுவா ஜூலை 15 கடைசி தேதிம்பாங்க, அத நம்பாதீங்க, நம்ம மாதிரி வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸ்க்கு மார்ச்லயும் மே 31-லயும் கதவ சாத்தற கோர்ஸ் நிறைய இருக்கு. யூனி-அசிஸ்ட்ங்கற பொது அப்ளிகேஷன் போர்ட்டல் வழியா போற அப்ளிகேஷன்னா முதல் யூனிவர்சிட்டிக்கு 75 யூரோ, அதே செமஸ்டர்ல அடுத்தடுத்து போடறதுக்கு 30, அதனால இருபது இடத்துக்கு தூவி விடாம ஏழெட்டு நல்லா பாத்து போடுங்க.

மார்க் கணக்கு அங்க தலைகீழ். 1.0தான் டாப், 4.0 பாஸ். நம்ம சிஜிபிஏவ மாத்தறது இப்படி: அதிகபட்ச மார்க்ல இருந்து உங்க மார்க்க கழிங்க, அத அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்து, மூணால பெருக்கி, ஒண்ணு கூட்டுங்க. பாஸ் மார்க் 5-னு வச்சா 8 சிஜிபிஏ 2.2 ஆகும், 7.5 வந்து 2.5. நிறைய கோர்ஸ்ல 2.5தான் கோடு, உங்க நம்பர் அதுக்கு மேல போயிருச்சுனா அந்தக் கோர்ஸ்க்கு அப்ளிகேஷன் காசு தண்டம்.

அடுத்தது ப்ளாக்ட் அக்கவுன்ட், வீட்ல பயப்படறதே இதுக்குத்தான். 2024 செப்டம்பர்ல இருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்டணும். இது யாருக்கும் கட்டற ஃபீஸ் கிடையாது, உங்க காசு, அங்க போனப்புறம் மாசம் 992 யூரோவா உங்க கைக்கே வரும்னு அம்மா அப்பாவுக்கு பொறுமையா சொல்லுங்க. ஆனா இறங்கின அன்னைக்கே வராது, அட்ரஸ் ரிஜிஸ்டர் பண்ணி, பேங்க் அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி, அதுக்கப்புறம்தான் வரும், சில பேருக்கு ஒரு மாசத்துக்கு மேலயும் ஆகும். முதல் மாச வாடகை, டெபாசிட், சாப்பாடு எல்லாத்துக்கும் சேத்து 1500 யூரோவாவது ஃபாரெக்ஸ் கார்டுலயும் கைலயும் வச்சுக்கிட்டு ஏறுங்க.

அந்த 992 யூரோல மியூனிக்ல நிம்மதியா இருக்க முடியாது, தனியார் ரூமே 700, 800னு போயிரும். கெம்னிட்ஸ், மாக்டபுர்க், இல்மெனாவ், சீகன் மாதிரி ஊர்ல ஹாஸ்டல் ரூம் 300 யூரோ சுத்திக் கிடைக்கும், மிச்சம் புடிச்சு ஊரும் சுத்தலாம். ரேங்கிங் பாத்து பெரிய ஊருக்கே போவேன்னு அடம் பிடிக்கறவங்க அங்க போய் படிக்கற நேரத்தவிட வாடகைக்கு ஓடற நேரம்தான் ஜாஸ்தி, இது என் அபிப்ராயம், சண்டைக்கு வராதீங்க. அட்மிஷன் மெயில் வந்த அன்னைக்கே ஸ்டுடியரண்டன்வெர்க், அதாவது ஸ்டூடன்ட்ஸ்க்கான அமைப்பு, நடத்தற ஹாஸ்டலுக்கு அப்ளை பண்ணிருங்க, க்யூ அவ்ளோ நீளம். வெளில தேடும்போது "நான் இப்ப லண்டன்ல இருக்கேன், டெபாசிட் போட்டா சாவிய கூரியர்ல அனுப்பறேன்"னு ஒருத்தன் கண்டிப்பா வருவான், அவன் வீடும் இல்ல சாவியும் இல்ல, காசு போடாதீங்க.

பெட்டில என்ன வைக்கலாம்? பால்கோவா, நெய், பன்னீர், எந்தக் கறியா இருந்தாலும் ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டுவரக் கூடாது, பால் பொருளும் இறைச்சியும் தடை. ஃப்ரெஷ் கறிவேப்பிலை, மாம்பழம் எல்லாம் செடி சர்டிஃபிகேட் கேப்பாங்க, அதனால விட்ருங்க. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்த சர்டிஃபிகேட் வேணாம், இதுல வேடிக்கை என்னனா கருவாடு சட்டப்படி ஓகே, மீன் வகை 20 கிலோ வரைக்கும் சொந்த உபயோகத்துக்கு விடுவாங்க, பெட்டி முழுக்க வாசம் அடிச்சா நான் பொறுப்பில்ல. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஒரு மூணு லிட்டர் குக்கர் போதும். குக்கர்னதும் ஞாபகம் வருது, ஹாஸ்டல் ரூம்ல கதவ மூடிக்கிட்டு காஞ்ச மிளகாய் தாளிக்காதீங்க, ஸ்மோக் அலாரம் ஃபயர் சர்வீஸோட கனெக்ட் ஆகியிருந்தா வண்டி கீழ வந்து நிக்கும், அதோட பில்லும் வரலாம். ஜன்னல முழுசா திறங்க, கிச்சன் கதவ மூடுங்க, அப்புறம் கடுகு போடுங்க.

போய் இறங்கின முதல் வாரம்தான் உண்மையான பரீட்சை. வீடு மாறின ரெண்டு வாரத்துக்குள்ள அன்மெல்டுங், அதாவது அட்ரஸ் ரிஜிஸ்ட்ரேஷன், பண்ணணும், அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு ஃபார்ம் வேணும், பெரிய ஊர்ல அப்பாயின்ட்மென்ட்டே ரெண்டு வாரம் கழிச்சுதான் கிடைக்கும், அதனால இந்தியால இருந்தே ஸ்லாட் புக் பண்ணுங்க. அதவிட முக்கியம் ஒண்ணு இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. கீழ லெட்டர்பாக்ஸ் வரிசைல உங்க பேர் ஒட்டணும். ரூம் நம்பர் வச்சு அங்க தபால் வராது, பெட்டி மேல என்ன பேர் இருக்கோ அத வச்சுதான் போஸ்ட்மேன் போடுவாரு, பேர் இல்லனா லெட்டர் அப்படியே திரும்பிப் போயிரும். வரிப் பதிவு நம்பர், பேங்க் கார்டு தனியா, பின் நம்பர் தனியா, இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாமே தபால்லதான் வரும். நம்ம ஆளுங்க பேர் வேற பாஸ்போர்ட்ல அப்பா பேரோட சேந்து முப்பது எழுத்து இருக்கும், அதுல எது சர்நேம்னு ஒவ்வொரு ஆபீஸும் ஒவ்வொரு மாதிரி எழுதும், வர வாய்ப்பிருக்கற எல்லா பேரையும் ஒரு வெள்ள ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிருங்க, பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், பரவால்ல. கூடவே ரேடியோ டிவி கட்டணம்னு ஒரு லெட்டர் வரும், டிவியே இல்லனாலும் ஒரு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ, ஸ்கேம்னு நெனச்சு கிழிச்சுப் போடாதீங்க, ஷேர் வீடுனா ஒருத்தர் பேர்ல கட்டி எல்லாரும் பிரிச்சுக்கலாம்.

படிப்பு பத்தி சுருக்கமா. டைம்டேபிள்ல 10 மணி, பக்கத்துல சி.டி.னு போட்டிருந்தா கிளாஸ் 10:15-க்கு, எஸ்.டி.னு போட்டிருந்தா பத்துனா பத்து. லெக்சர் முடிஞ்சதும் கைதட்ட மாட்டாங்க, எல்லாரும் டெஸ்க்க விரல் முட்டியால தட்டுவாங்க, முதல் நாள் என்னடா ஆச்சுனு பயந்துராதீங்க. அட்டெண்டன்ஸ் பெரும்பாலும் கிடையாது, இன்டர்னல் மார்க் கிடையாது, ஒரே எக்ஸாம், அதுலதான் எல்லாம். இங்க இருக்கற சுதந்திரத்துல நம்ம பசங்க நவம்பர் முழுக்க ஊர் சுத்திட்டு ஜனவரில ஸ்லைடு பிரிண்ட் எடுக்க ஓடுவாங்க. ஒரே பேப்பர்ல பொதுவா மூணு வாட்டிதான் சான்ஸ், மூணாவதும் போச்சுனா யூனிவர்சிட்டிய விட்டு வெளிய, அதே கோர்ஸ ஜெர்மனில வேற யூனிவர்சிட்டிலயும் சேர விடமாட்டாங்க. அரியர் வச்சு கிளியர் பண்ணிக்கலாம்ங்கற நம்ம ஊர் தைரியம் இங்க வேலைக்கு ஆகாது. எக்ஸாமுக்கு ஆன்லைன்ல தனியா ரிஜிஸ்டர் பண்ணணும், தயாரா இல்லனா கடைசி தேதிக்குள்ள வாபஸ் வாங்கணும், இந்த ரெண்டு தேதியையும் போன்ல அலாரம் வச்சிருங்க.

பார்ட் டைம் பத்தி ஒரு பத்தி. 2024 மார்ச்ல இருந்து வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லனா 280 அரை நாள் வேலை பாக்கலாம், யூனிவர்சிட்டிக்குள்ளயே ஹிவி, அதாவது ஸ்டூடன்ட் அசிஸ்டன்ட், வேலை கிடைச்சா அது பொதுவா இந்தக் கணக்குலயே வராது, அதனால புரொஃபசருக்கு முதல் செமஸ்டர்லயே மெயில் தட்டுங்க. குறைஞ்சபட்ச சம்பளம் 2025-ல மணிக்கு 12.82 யூரோ, 2026-ல 13.90. ஜெர்மன் மொழில ஏ1னு சொல்ற முதல் லெவல் மட்டும் வச்சுக்கிட்டு கோர் ஃபீல்டுல வேலை தேடறது ரொம்ப கஷ்டம், நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவன்லயோ எங்கயோ மூணாவது லெவலான பி1 வரைக்கும் முடிச்சுட்டு வந்தவங்களுக்குத்தான் வழி சீக்கிரம் தெறந்திருக்கு.

சரி, ஊர் சுத்தற கதைக்கு வருவோம்.

எப்ப போகணும்ங்கறத செமஸ்டர் காலண்டரே சொல்லிரும். லெக்சர் அக்டோபர் நடுவுல இருந்து பிப்ரவரி ஆரம்பம் வரைக்கும், அப்புறம் ஏப்ரல்ல இருந்து ஜூலை நடு வரைக்கும், எக்ஸாம் அதுக்குப் பின்னாடி. அப்ப மார்ச் மாசமும் செப்டம்பரும்தான் நிம்மதியான டைம், டிக்கெட்டும் ரூமும் ஆகஸ்ட்ட விட சல்லிசு. மே மாசம் வியாழக்கிழமை ஒரு லீவு வரும், வெள்ளிக்கிழமை கிளாஸ் இல்லனா நாலு நாள் கிடைக்கும், அப்ப ஜெர்மனியே கிளம்பும், முன்னாடியே புக் பண்ணுங்க.

எதுல போகணும்? டாய்ச்லாண்ட்டிக்கெட், நாடு முழுக்க செல்லற மாசப் பாஸ். 2023 மே மாசம் மாசத்துக்கு 49 யூரோனு ஆரம்பிச்சாங்க, 2025-ல 58 ஆச்சு, 2026-ல 63. நிறைய யூனிவர்சிட்டில செமஸ்டர் கான்ட்ரிபியூஷனுக்குள்ளயே இது குறைஞ்ச விலைல சேர்ந்து வரும், சில ஊர்ல தனியா வாங்கணும், உங்க யூனிவர்சிட்டில எப்படினு பாத்துக்குங்க. இத வச்சு நாடு முழுக்க பஸ், டிராம், யு-பான் (மெட்ரோ), எஸ்-பான் (புறநகர் ரயில்), ஆர்பி, ஆர்இனு சொல்ற ரீஜினல் ரயில் எல்லாத்துலயும் ஏறலாம், ஐசிஇ, ஐசி, ஃப்ளிக்ஸ்ட்ரெயின் மாதிரி தூரத்து ரயில்ல ஏறக் கூடாது. ஆர்பி ரயில் நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி எல்லா ஸ்டாப்லயும் நிக்கும். மியூனிக்ல இருந்து பெர்லின் வேகமான ஐசிஇ-ல சுமார் நாலு மணி நேரம், இதுல போனா காலைல கிளம்பி சாயங்காலம்தான், ஆனா காசு மிச்சம்.

இதுல மூணு விஷயம் மட்டும் கவனம். ரயில் ஆப்ல அஞ்சு நிமிஷத்துல ரயில் மாறலாம்னு காட்டும், டாய்ச்ச பான், அதாவது ஜெர்மன் ரயில்வே, லேட் ஆகறது அவங்க ஊர்லயே ஜோக், இருபது நிமிஷமாவது கேப் இருக்கற கனெக்ஷனா எடுங்க, ராத்திரி கடைசி ரயில நம்பி எதையும் பிளான் பண்ணாதீங்க. ரெண்டாவது, சில ஆர்இ ரயில் நடு ஸ்டேஷன்ல ரெண்டா பிரியும், முன் பாதி ஒரு ஊருக்கும் பின் பாதி வேற ஊருக்கும் போகும், ஏறும்போது அந்தப் பெட்டி மேல இருக்கற போர்டுல உங்க ஊர் பேர் இருக்கானு பாத்துட்டு ஏறுங்க, அசந்து தூங்கிட்டீங்கனா எந்தக் காட்டுலயோ எழுந்திருப்பீங்க. மூணாவது, டிக்கெட் உங்க பேர்ல இருக்கும், கூட ஐடி கேப்பாங்க, டிக்கெட் இல்லாம மாட்டினா 60 யூரோ, போன் சார்ஜ் இல்லாம டிக்கெட்ட காட்ட முடியலனாலும் வாக்குவாதம்தான், பவர் பேங்க் எடுத்துக்குங்க.

அவசரமா வேகமா போகணும்னா சூப்பர் ஷ்பார்பிரைஸ்ங்கற சலுகை டிக்கெட்ட மாசக்கணக்குல முன்னாடி போட்டா ஐசிஇ-யே சீப்பா கிடைக்கும். அந்த ரயில் 60 நிமிஷம் லேட்டா கொண்டுபோய் விட்டா டிக்கெட் காசுல 25 சதவீதம் திரும்ப வரும், 120 நிமிஷம்னா பாதி, ஆப்லயே கிளெய்ம் பண்ணலாம், வெக்கப்படாதீங்க.

ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், பெரிய ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள இருக்கற கடை திறந்திருக்கும். டிசம்பர் 24 மதியத்துல இருந்து 26 வரைக்கும் ஊரே அடங்கிரும், அரிசி பருப்பு பால் முன்னாடியே வாங்கி வைங்க. டிரிப்புக்கு லெமன் சாதமோ புளியோதரையோ கட்டிக்கிட்டுப் போறதுல கூச்சமே வேணாம், ஸ்டேஷன்ல ஒரு சாண்ட்விச் காசுல ரெண்டு பேருக்கு சமைச்சிரலாம். தண்ணி பாட்டில் வாங்கினா தூக்கிப் போடாதீங்க, ஒரு பாட்டிலுக்கு பெரும்பாலும் 25 சென்ட் டெபாசிட், சூப்பர்மார்க்கெட் மெஷின்ல போட்டா ரசீது வரும், கவுன்ட்டர்ல காசு.

எங்க போறது? டிரெஸ்டன்ல இருந்து எஸ்1 ரயில் புடிச்சு ராத்தன்ல இறங்கினா பாஸ்டை பாறைப் பாலம், படகுல எல்ப நதியத் தாண்டி ஏறணும், ரயிலுக்கு டாய்ச்லாண்ட்டிக்கெட்டே போதும். அதே டிரெஸ்டன்ல ஷ்ட்ரீட்செல்மார்க்ட்னு ஒரு கிறிஸ்துமஸ் சந்தை, 1434-ல ஆரம்பிச்சது. மியூனிக்ல இருந்து ஃபூஸன் ரெண்டு மணி நேரம், நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு, உள்ள போக டிக்கெட் முன்னாடியே எடுக்கணும், எனக்கு உள்ளவிட வெளிய பாலத்துல இருந்து பாக்கறதுதான் புடிச்சது. ஆஸ்திரியாவோட சால்ஸ்பர்க் மெயின் ஸ்டேஷன் வரைக்கும்கூட இந்த டிக்கெட் செல்லும். கொலோன்ல ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா எதிர்லயே 157 மீட்டர் உயரத்துல கதீட்ரல் நிக்கும், அலையவே வேணாம்.

வேற நாட்டுக்குப் போகும்போது பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் ரெண்டும் ஒரிஜினலா கைல இருக்கணும், போட்டோ காட்டினா செல்லாது. ஜெர்மன் கார்டு வச்சு மத்த ஷெங்கன் நாடுகள்ல, அதாவது ஒரே விசா செல்லற ஐரோப்பிய நாடுகள்ல, 180 நாள்ல 90 நாள் வரைக்கும் இருக்கலாம். சுவிட்சர்லாந்து ஓகே, குரோஷியா 2023-ல இருந்து ஓகே, ருமேனியாவும் பல்கேரியாவும் 2025-ல இருந்து முழுசா ஓகே. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா வேணும், சீப் ஃப்ளைட் பாத்து டிக்கெட் போட்டுட்டு ஏர்போர்ட்ல நிக்காதீங்க. 2024 செப்டம்பர்ல இருந்து ஜெர்மனிக்குள்ள திரும்பி வர்ற எல்லா ரோடு, ரயில் பார்டர்லயும் போலீஸ் செக் பண்ணலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு பஸ்ஸ நிறுத்தி டார்ச் அடிச்சா பயப்படாம ரெண்டையும் எடுத்து நீட்டுங்க. விசா முடியப் போற நேரத்துல, கார்டு இன்னும் வரலனா, தற்காலிகமா ஒரு மடிச்ச பேப்பர் குடுப்பாங்க, அதுல 81-வது பிரிவுல நாலாவது உட்பிரிவு டிக் ஆகியிருக்கானு பாத்துட்டு, போற நாடு அத ஏத்துக்குமானு விசாரிச்சுட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க, இந்தியாவுக்கு வர்றதுக்கும் இதேதான். அரசு ஹெல்த் இன்ஷூரன்ஸ் கார்டோட பின்பக்கம்தான் ஐரோப்பிய ஹெல்த் இன்ஷூரன்ஸ் கார்டு, வெளிநாட்டுல அவசரத்துக்கு அதக் காட்டலாம், பர்ஸ்லயே இருக்கட்டும்.

டிசம்பர்ல நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும், ரூம்லயே அடைஞ்சு கெடந்தா மனசு ஒரு மாதிரி ஆகும், அது நிறைய பேருக்கு நடக்கறது, வெளிய சொல்றதில்ல. யூனிவர்சிட்டிலயே கவுன்சிலிங் இருக்கு, இங்கிலீஷ்ல பேசலாம், யூஸ் பண்ணுங்க.

கடைசியா ஒரு டிரிப், மே கடைசி இல்ல ஜூன்ல வரும். ஹாம் ஊர்ல காமாட்சி அம்மன் கோயில் தேர்த் திருவிழா. ஈழத் தமிழர்கள் கட்டின கோயில், 2002-ல கும்பாபிஷேகம், ஃபேக்டரி ஏரியா நடுவுல கோபுரம் நிக்கும். காவடி, தீ மாதிரி வெயில், செருப்பில்லாம தார் ரோடு, தேருக்கு ரெண்டு பக்கமும் லாரி கம்பெனி போர்டு, பக்கத்துல கால்வாய்லதான் தீர்த்தம். சாப்பாட்டுக் கடையில வடையும் கொத்து ரொட்டியும் கிடைக்கும், அக்காமார் உங்க பேச்சக் கேட்டதும் "இந்தியாவோ தம்பி, எவடம்?"னு கேப்பாங்க, பதில் சொல்லிட்டு இருக்கும்போதே தட்டுல இன்னொரு வடை விழும். ஆர்இ ரயில்ல ஹாம் மெயின் ஸ்டேஷன், அங்க இருந்து ஊன்ட்ராப் போற பஸ். தேர் அன்னைக்கு பஸ் பிதுங்கி வழியும், காலைல எட்டு மணிக்குள்ள அங்க இருக்கற மாதிரி கிளம்புங்க, தண்ணியும் தொப்பியும் எடுத்துக்குங்க, கைல கொஞ்சம் சில்லறையா யூரோ வச்சுக்குங்க, எல்லாக் கடையிலயும் கார்டு வாங்க மாட்டாங்க.